மூன்று பிள்ளை வீடுகள்

ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுகள் ஆன பிறகு, புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கேட்டார்கள். இயந்திரங்களைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. நான் விட்டுவந்த இயந்திரங்களே இப்போது அங்கே இல்லை என்று கேள்விப்பட்டேன். என் வேலை முன்னறை மேசையில். தம்போயில் கார் உதிரிபாகக் கடைக்கு மேல்மாடியில் நம் மரபணு ஆய்வகம் இருந்த காலம். எச்சில் மாதிரி கொடுத்தவர்களை உட்காரவைத்து, வந்த முடிவைத் தமிழிலோ மலாயிலோ விளக்கிச் சொல்வேன். அதற்குப் பதினைந்து நிமிடம் ஆகும். அந்தப் பதினைந்து நிமிடத்தில் நான் செய்த ஒரு தவற்றைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பெயரின் வரலாறு கேட்டு வருகிறவர்களில் 'பிள்ளை' என்று முடியும் பெயர்க்காரர்கள் அதிகம். அது ஒரே குலத்தின் பெயர் என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். அது அப்படிப்பட்ட பெயர் இல்லை. குழந்தைக்கும் பிள்ளை, மகனுக்கும் பிள்ளை. கணக்கு எழுதியவர்களை ஊரார் மரியாதையாகப் பிள்ளை என்றார்கள். தமிழ்நாட்டில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பல சமூகங்கள் அதைப் போட்டுக்கொள்கின்றன. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களிடமும் இருக்கிறது, மலையாளிகளிடமும் இருக்கிறது. பெயர் ஒன்றாக இருப்பதால் இரத்தம் ஒன்றாகிவிடாது. இதை நான் நூறு பேருக்காவது சொல்லியிருப்பேன். நூறு பேரும் தலையாட்டிவிட்டு, தங்கள் குடும்பம் மட்டும் விலக்கு என்று நினைத்துக்கொண்டுதான் போவார்கள்.

நடேசன் பிள்ளை வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அரசாங்கத்தில் நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இஸ்திரி போட்ட சட்டை, கையில் கோப்பு. கோப்பில் அவரே கோடு போட்டு வரைந்த வம்சாவளிப் படம் இருந்தது. அவருடன் இன்னொருவரும் வந்திருந்தார். முனியாண்டி பிள்ளை, சிம்பாங் ரெங்கத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். அந்த லோரியிலேயே வந்துவிட்டார். கடை வாசலை மறைக்கிறது என்று கீழே கடைக்காரர் கத்திக்கொண்டிருந்தார்.

"மிஸ், நான் சுத்தி வளைச்சுப் பேச மாட்டேன்," என்றார் நடேசன். "எங்க கொள்ளுத் தாத்தா பேரு கருப்பன். ரெங்கம் பக்கத்துல ரப்பர் தோட்டத்துல பால் வெட்டினவரு. அவருக்கு மூணு பையன். பெரியவர் வீரன் பிள்ளை, அது இவரோட தாத்தா. நடுவுல சாமிக்கண்ணு பிள்ளை, அவங்க வீடு இப்ப மெர்சிங்ல. கடைசி சின்னப் பிள்ளை, என் தாத்தா. மூணு பேருல ஒருத்தர் பெத்த பிள்ளை இல்ல, எடுத்து வளர்த்த பிள்ளைன்னு ரொம்ப நாளா ஒரு பேச்சு இருக்கு. அது யாருன்னு தெரியணும். அவ்வளவுதான்."

"தெரிஞ்சு என்ன செய்யப் போறீங்க ஐயா?"

"குடும்பத்துக்கு ஒரு புத்தகம் போடுறோம். தப்பாப் போட முடியாது இல்லையா? கோயிலும் இருக்கு."

தோட்டத்து ஓரத்தில் கருப்பன் நட்ட கல் இன்று ஒரு சிறிய மாரியம்மன் கோயிலாகிவிட்டது. திருவிழாவில் முதல் மரியாதை பெரியவர் வீட்டுக்கு, அதாவது முனியாண்டிக்கு. கோயில் சாவியும் அவரிடம்தான். அது சரியான வாரிசுதானா என்பது நடேசனின் கேள்வி. அவர் வாயைத் திறந்து அப்படிச் சொல்லவில்லை. ஆனால் வம்சாவளிப் படத்தில் மூத்தவர் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்.

அந்தக் கேள்விக்குறியை முனியாண்டியும் பார்த்தார். எங்கே துப்ப வேண்டும் என்று கேட்டார், துப்பினார், மூடியைத் திருகிக் கொடுத்தார், கையெழுத்துப் போட்டார்.

"அண்ணே, நான் கிளம்பட்டா? கீழ அவரு கத்திக்கிட்டு இருக்காரு," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

சில வாரங்களில் முடிவு வந்தது. தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும் பகுதி இருவருக்கும் வேறு வேறாக இருந்தது. மற்ற பகுதிகளிலும், ஒரே கொள்ளுத் தாத்தாவின் வழியில் வந்தவர்களுக்கு இருக்க வேண்டிய ஒற்றுமை இல்லை. அவர்கள் இருவரில் ஒருவராவது கருப்பனின் இரத்தம் இல்லை. தாளில் இருந்தது அவ்வளவுதான்.

இனி என் தவறு. நடேசனைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். அவர் தனியாக வந்தார். ஆய்வகம் மூடும் நேரம். என் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிப் போக வேண்டும், வெளியே இன்னொரு வாடிக்கையாளரும் காத்திருந்தார். "உங்க ரெண்டு பேருக்கும் தந்தைவழி ஒத்துப்போகல ஐயா," என்றேன்.

"அப்போ முனியாண்டி எங்க ஆள் இல்ல."

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். நீங்களும்தான் இல்லாமல் இருக்கலாம், இந்தத் தாள் யாருடைய பக்கத்தையும் காட்டவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் அது எழுதியிருக்கிறது, படித்துக்கொள்வார் என்று நினைத்தேன். "அறிக்கையை முழுசாப் படிச்சுப் பாருங்க," என்று மட்டும் சொன்னேன். அவர் கோப்பில் வைத்துக்கொண்டு கைகூப்பிவிட்டுப் போனார். அவர் மூன்றாம் பக்கம் வரை போகவேயில்லை.

மறுநாள் காலை முதல் அழைப்பே முனியாண்டியிடமிருந்து.

"மிஸ், வாட்சாப் குரூப்புல அண்ணன் போட்டிருக்காரு. எங்க மவ காட்டுச்சு. பெரியவர் வீடு நம்ம ரத்தம் இல்ல, லேப் சொல்லிருச்சுன்னு. நெசமா?"

"நாங்க அப்படிச் சொல்லல ஐயா."

"அப்போ என்ன சொன்னீங்க?"

சொன்னேன். பின்னால் லோரி எஞ்சின் ஓடும் சத்தம் கேட்டது.

"நான் குடுத்த எச்சில்தானே மிஸ் அது? என்னை ஏன் கூப்பிட்டுச் சொல்லல?"

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். இரண்டு பேர் மாதிரி கொடுத்தார்கள், இரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். கோப்பு வைத்திருந்தவர், அழைப்புகளை எடுத்தவர், நன்றாகப் பேசியவர் ஒருவர் என்பதால் அவரையே வாடிக்கையாளர் என்று நினைத்துவிட்டேன்.

அப்போது எங்கள் தலைமை ஆய்வாளர் ஒரு மலாய்ப் பெண்மணி. பேச்சு குறைவு. நான் போய் நடந்ததைச் சொன்னபோது திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அறிக்கையைத் திருப்பி மூன்றாம் பக்கத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். "இதை நீ வாயால் சொன்னாயா?" என்று மலாயில் கேட்டார். இல்லை என்றேன். "அப்படியானால் நாம் சொல்லவில்லை," என்றார். நடு வீட்டு மாதிரி வாங்கு, மூன்று பேரையும் ஒரே நேரத்தில் உட்காரவைத்துச் சொல், அதுவரை யார் கேட்டாலும் 'ஜாங்கான் தெகா', ஊகிக்காதே என்றார்.

நடேசனுக்கு எழுதினேன். தேவையில்லை, விஷயம் முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. திருவிழாவுக்கு ஒன்றரை மாதம் இருந்தது. புத்தகம் அச்சுக்குப் போக இருந்தது. அதில் மூத்த வீட்டுக்குப் பக்கம் இல்லை என்று முனியாண்டியின் மகள் எனக்குச் செய்தி அனுப்பினாள். நம் அறிக்கையை நாமே தவறாகப் பயன்படுத்த விட்டுவிட்டு, மூன்றாவது ஆளிடம் போய் மாதிரி கேட்பது முறையா என்று இரண்டு நாள் யோசித்தேன். அதற்குள் மூன்றாவது ஆளே வந்துவிட்டார்.

சுப்ரமணியம், மெர்சிங் வீட்டுக்காரர். தீவுகளுக்கு ஆள் ஏற்றும் படகில் வேலை. வெயிலில் கறுத்த முகம், காலில் ரப்பர் செருப்பு. மூன்று மணி நேரம் மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார்.

"அலமாக், என்னா மிஸ் இது? முந்தா நேத்து வரைக்கும் அண்ணன் தம்பி, இன்னிக்கி ரத்தம் இல்லையா? எங்க வீட்டையும் பாத்துருங்க. நாங்களும் இல்லன்னா ஒரேயடியா எல்லாரும் கழண்டுக்குறோம் லா."

இந்த முறை மூவரும் ஒரே அறையில் இருந்தால்தான் முடிவைச் சொல்வேன் என்பதற்கு எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொண்டேன். நடேசன் சம்மதித்தார். முடிவு தனக்குச் சாதகமாக வரும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

முடிவு வந்ததும் ஒரு சனிக்கிழமைக்கு மூவரையும் அழைத்தேன்; அது என்னவென்று எனக்கு மட்டும் முன்பே தெரியும். மூவரும் வந்து உட்கார்ந்தார்கள். முனியாண்டி ஓரத்து நாற்காலியில், கைகளை முழங்காலில் வைத்தபடி. நடேசன் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

"மூணு மாதிரியில ரெண்டு ஒரே தந்தைவழி," என்றேன். "முனியாண்டி ஐயாவும் சுப்ரமணியம் ஐயாவும். நடேசன் ஐயா, உங்களோடது வேற."

பேனா நகரவில்லை. சுப்ரமணியம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். முனியாண்டி அவர் கையைத் தொட்டு நிறுத்தினார்.

நடேசன் அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படித்தார். இந்த முறை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தார். பிறகு மற்ற இருவரையும் வெளியே இருக்கச் சொன்னார். கதவு மூடியதும் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"மிஸ், எங்க அம்மா... அப்படி ஏதாச்சும் இருக்குமா?"

அந்தக் கேள்விக்கு யாரும் உங்களுக்குப் பயிற்சி கொடுக்க மாட்டார்கள். அறுபத்தைந்து வயது மனிதர், இறந்துபோன தாயைப் பற்றி முன்பின் தெரியாத பெண்ணிடம் கேட்கிறார். சீச்சீ, அப்படியெல்லாம் இருக்காது, உங்கள் தாத்தாதான் வளர்ப்புப் பிள்ளை என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. இரக்கத்தால்தான். ஆனால் எனக்குத் தெரியாது. இந்தக் கோடு எந்தத் தலைமுறையில் மாறியது என்பதை அந்தத் தாள் சொல்லவில்லை. ஏற்கெனவே நான் சொல்லாமல் விட்ட ஒன்று ஒரு வீட்டைக் கலைத்திருந்தது. இப்போது தெரியாததைச் சொல்லி இன்னொன்றைக் கெடுக்கக் கூடாது.

"எனக்குத் தெரியாது ஐயா. ஆனா தெரிஞ்சுக்க வழி இருக்கு. உங்க அப்பா கூடப் பொறந்தவங்க இருக்காங்களா?"

"சித்தப்பா போயிட்டாரு. அவரு பையன் மாசாய்ல இருக்கான்."

"அவரு மாதிரி வேணும். ரெண்டு வாரம் ஆவும்."

"ரெண்டு வாரம்," என்றார். கோப்பை எடுத்துக்கொள்ள மறந்து எழுந்து போனார். படிக்கட்டில் முனியாண்டி அவர் பின்னாலேயே இறங்குவதைப் பார்த்தேன். லோரிக்குப் போகாமல், நடேசனின் கார் புறப்படும் வரை சாலையோரம் நின்றிருந்தார்.

அந்த இரண்டு வாரத்தில் நடேசன் ஒருமுறைகூட அழைக்கவில்லை. பிறகு அவர் மனைவி சொல்லித்தான் தெரிந்தது, வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த தாயின் படத்துக்குத் தினமும் பூ வைக்கிறவர் அந்த நாட்களில் அந்தப் பக்கமே போகவில்லையாம்.

சித்தப்பா மகனின் மாதிரி நடேசனுடையதோடு ஒத்துப்போனது. நடேசனின் தந்தையும் சித்தப்பாவும் ஒரே தந்தையின் பிள்ளைகள். அன்று அவருக்காகத் தேநீர் வரவழைத்து வைத்திருந்தேன். தாயைப் பற்றிய வரியை முதலில் சொன்னேன். "உங்க அப்பா வரைக்கும் வழி நேரா இருக்கு ஐயா. மாறியிருக்கிறது உங்க தாத்தாவுலதான், இல்லன்னா அதுக்கும் மேல. அதுக்கு மேல என் தாள் போகாது." அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். தேநீரைக் குடிக்கவில்லை. பிறகு, "முனியாண்டிகிட்ட கேட்கணும். நீங்களும் வர்றீங்களா மிஸ்?" என்றார்.

வாடிக்கையாளர் வீட்டுக்குப் போவது நம் வழக்கம் இல்லை. நானும் முன்பின் போனதில்லை. தலைமை ஆய்வாளரிடம் அனுமதி கேட்டேன். "கேட்டால் பதில் சொல், கேட்காததைச் சொல்லாதே," என்று அனுப்பினார்.

சிம்பாங் ரெங்கத்தில் முனியாண்டி எங்களைக் கோயிலுக்கே கூட்டிப்போனார். சுற்றிலும் செம்பனை. தொழிலாளர் குடியிருந்த லயங்கள் இருந்த இடத்தில் புல்தான் இருந்தது. கோயிலுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் ஓர் இரும்பு அலமாரி. தோட்டத்தைப் பிரித்து விற்றபோது, கடைசிக் கிராணியின், அதாவது தோட்டக் கணக்கரின், வீட்டார் கொண்டுவந்து போட்ட பழைய செக்ரோல் புத்தகங்கள் அதில் இருந்தன. தோட்டத்தில் யார் யார் வேலைக்கு வந்தார்கள், அவர்கள் வீட்டில் யார் யார் என்று கிராணி ஆங்கில எழுத்தில் எழுதிவைத்த பேரேடுகள். முனியாண்டி தேடவில்லை. எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

பழைய புத்தகத்தில் கருப்பனின் பெயருக்குக் கீழே மூன்று பையன்கள். வீரன். சாமிக்கண்ணு. மூன்றாவது பையனுக்குப் பெயர் இல்லை. வெறுமனே பிள்ளை என்று எழுதியிருந்தது.

"அவங்க அம்மா பக்கத்துக் கதவுல இருந்தவங்களாம் அண்ணே," என்றார் முனியாண்டி. "கப்பல்ல வந்து கொஞ்ச நாள்தான். காய்ச்சல் வந்து போயிட்டாங்க. கூட வந்தவங்க யாரும் இல்ல. அவங்க பேரே யாருக்கும் தெரியல, பிள்ளைக்கு என்னா பேரு வச்சாங்கன்னு எப்படித் தெரியும்? எங்க கொள்ளுப்பாட்டி அஞ்சலை தூக்கிட்டு வந்துட்டாங்க. பிள்ளை, பிள்ளைன்னே கூப்பிட்டிருக்காங்க. கிராணியும் அதையே எழுதிட்டாரு."

"உனக்குத் தெரியுமா? முன்னாடியே?"

"எங்க அப்பா சொல்லியிருக்காரு. யாருக்கும் சொல்லக் கூடாதுன்னும் சொல்லியிருக்காரு."

"அப்புறம் ஏன்டா எச்சில் குடுத்த?"

"நீங்க கேட்டீங்க. மாட்டேன்னு சொன்னா நான் எதையோ ஒளிக்கிறேன்னு ஆவும். இதெல்லாம் இதுல தெரியவரும்னு எனக்கு என்னா தெரியும்?"

"குரூப்புல போட்டேனே. அப்பவாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

முனியாண்டி அடுத்த புத்தகத்தை எடுத்தார். சில ஆண்டுகள் பிந்தியது, வேறொரு கிராணியின் கையெழுத்து. அதில் வீரன் பிள்ளை, சாமிக்கண்ணு பிள்ளை, சின்னப் பிள்ளை என்று மூன்று பேர்.

"இதைத்தான் காட்டணும்னு இருந்தேன். மொத புத்தகத்துல எங்க தாத்தா வெறும் வீரன். பிள்ளை உங்க தாத்தா மட்டும்தான். புதுசா வந்த கிராணி, ஒரே வீட்டுக்காரங்கதானேன்னு எல்லாருக்கும் சேத்துப் போட்டுட்டாரு போல. அண்ணே, நாங்க போட்டுக்கிட்டு இருக்கிறது உங்க தாத்தா பேரு."

நடேசன் என்னைப் பார்த்தார். "அப்படித்தானா மிஸ்?"

ஆமாம் என்று சொல்ல மிகவும் விரும்பினேன். "எந்தப் புத்தகம் முந்தி, எது பிந்தி, எதுல என்ன எழுதியிருக்கு, அது மட்டும் நமக்குத் தெரியுது ஐயா. கிராணி ஏன் அப்படி எழுதினாருன்னு புத்தகத்துல இல்ல," என்றேன். அளவையாளராக இருந்தவர் அல்லவா, அவருக்கு அது புரிந்தது. இரண்டு பக்கங்களையும் விரலால் வரிவரியாகத் தொட்டுப் படித்தார். பிறகு கொட்டகைக்கு வெளியே போய் செம்பனைகளைப் பார்த்தபடி நின்றார். முனியாண்டி அலமாரியைப் பூட்டிவிட்டு, எங்களுக்கு இளநீர் வெட்டப் போனார்.

அந்த ஆண்டுத் திருவிழாவுக்கு நடேசன் போகவில்லை. வெட்கம் என்று அவர் மனைவி சொன்னார். ஆனால் அதற்கு முன்பே, எந்தக் குரூப்பில் முனியாண்டியைப் பற்றி எழுதினாரோ அதே குரூப்பில், தான் எழுதியது தவறு என்றும் வளர்ப்புப் பிள்ளையின் வீடு தன் வீடுதான் என்றும் போட்டார். சிலர் அவரைத் திட்டினார்கள், சிலர் பேச்சை மாற்றினார்கள். சுப்ரமணியம் தன் படகின் படம் ஒன்றைப் போட்டு, எல்லாரும் வாங்க, தீவுக்கு இலவசம் என்று எழுதினாராம். மாசாய் சித்தப்பா மகன் மட்டும் நெடுநாள் நடேசனோடு பேசவில்லை. தன்னைக் கேட்காமல் ஏன் ஊருக்குச் சொன்னார் என்று அவருக்குக் கோபம். அந்தக் கோபம் நியாயமானது. நடேசனிடம் நான் அதைப் பற்றி எச்சரிக்கவில்லை. அது என்னுடைய இரண்டாவது தவறு.

புத்தகம் ஓர் ஆண்டு தாமதமாக வந்தது. நடேசன் ஒரு பிரதியை ஆய்வகத்துக்கு அனுப்பினார். இப்போதும் முன்னறை அலமாரியில் இருக்கும், எடுத்துப் பாருங்கள். மூத்த வீட்டுக்கு முதல் பக்கம் கொடுத்திருக்கிறார். மூன்றாவது மகனின் பக்கத்தை அவரே எழுதியிருக்கிறார். ஊகமாக ஒரு சொல்கூட இல்லை. அடுத்த முறை மேசைக்கு எதிரே ஒருவர் வந்து உட்காரும்போது, எதைச் சொல்வது, எங்கே நிறுத்துவது என்று நீங்கள் தடுமாறினால் அந்தப் பக்கத்தைப் படியுங்கள்:

"சின்னப் பிள்ளை. பெற்றவர்: கப்பலில் வந்து காய்ச்சலில் இறந்த ஒரு தாய், பெயர் தெரியவில்லை. வளர்த்தவர்கள்: கருப்பன், அஞ்சலை. இக்குடும்பத்தில் பிள்ளை என்னும் பெயர் முதன்முதலாக எழுதப்பட்டிருப்பது இவருக்கு."